டெஸ்ட் பண்ணியாச்சா, ரஸ்?

வில்லாபூன்
12 பிப்ரவரி

ரஸ்,

நெவிலை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்று காலை ரேடியோவைப் போட்டது பழக்க தோஷம். இருபது வருஷமாக இந்தச் சமையலறையில் கெட்டில் கொதிக்கும்போது உன் குரலும் சேர்ந்துதான் கொதிக்கும். பெட்ரோல் விலை, வீட்டு வாடகை, டாக்டர் கிடைக்காத கதை, எதைச் சாப்பிட்டால் கொழுப்பு குறையும் என்று காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நீ பேசுவாய். நெவ் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "ரஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்.

இன்று நீ சொன்னது இது: "நம்ம நெவ் கடைசி வரைக்கும் சிங்கம் மாதிரி போராடினான், மக்களே. அவன் பேர்ல வருஷா வருஷம் ஆத்துல ஒரு மீன்பிடிப் போட்டி வைக்கப் போறோம்." குரல் வேறு உடைந்தது. அது எப்போது உடையும், எப்போது ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நீ.

நீ மறந்தது போல நடிப்பதால் நானே எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், ஐம்பது தாண்டிய எல்லாருக்கும் அரசாங்கம் தபாலில் அனுப்பும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பெட்டி உனக்கும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ பேசினாய். "கவர்மென்ட்டுக்கு என் கக்கா வேணுமாம், மக்களே. ஃப்ரிட்ஜ்ல பீர் பக்கத்துல வெச்சு, அப்புறமா தபால்ல போடணுமாம். இத்தனை வருஷமா அவங்க நமக்கு அனுப்புனதுக்கு இது பதில் மரியாதை போல." ஊரே சிரித்தது. அதோடு விட்டாயா? அந்தப் பெட்டியை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று போட்டி வைத்தாய். என் புருஷன் போன் போட்டார். "அந்தக் குட்டிக் குழாய் ரெண்டும் தூண்டில் முள்ளு போட்டு வைக்க அளவெடுத்த மாதிரி இருக்கு, ரஸ்." நீ சிரித்த சிரிப்பில் செய்தி அறிக்கை தாமதமாயிற்று. பரிசாக ஒரு ஐஸ் பெட்டி அனுப்பினாய்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்கு மறுபடி பெட்டி வந்தது. "ரஸ்ஸே பண்ணலையாம், எனக்கு மட்டும் என்ன?" என்று குப்பையில் போட்டார். போன குளிர்காலத்தில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டியபோது, நோய் ஈரல்வரை போயிருந்தது.

எனக்கு மீன்பிடிப் போட்டி வேண்டாம். ஒரு நாள் காலையில், ஊர் கேட்க, உன் வாயால் சொல். "நான் செஞ்ச கேலியை நம்பித்தான் நெவ் டெஸ்ட் பண்ணலே" என்று சொல். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரோண்டா

*

வானொலி நிலையம்
20 பிப்ரவரி

அன்புள்ள ரோண்டா,

கையால் எழுதுகிறேன். மின்னஞ்சலில் எதுவும் வேண்டாம் என்று நிலையத்தின் வக்கீல் சொன்னார். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நெவ் போனது எனக்கும்தான் இழப்பு. ஆறு வயதில் வாய்க்காலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே டயரில் மிதந்தவர்கள். உன் வலி எனக்குப் புரியாது என்று நினைக்காதே.

ஆனால் நீ கேட்பது நியாயமா? நான் டாக்டர் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களைச் சிரிக்கவைப்பது என் தொழில். நெவ் அறுபது வயது மனிதன், ரோடு போடும் வண்டியை முப்பது வருஷம் ஓட்டியவன். குழந்தையா அவன்? நான் ஒன்று சொன்னேன், அவன் ஒன்று செய்தான். நீ சொல்கிற மாதிரி ஒலிபரப்பில் பேசினால் விளம்பரக்காரர்கள் ஓடிவிடுவார்கள். வருஷக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. என் நிலைமை உனக்குத் தெரியும். ஷீலா விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள், பிள்ளைகள் பெர்த்தில். இந்த மைக்கை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

மீன்பிடிப் போட்டிக்கு நீயே வந்து கோப்பை கொடு. மனசு கொஞ்சம் ஆறும்.

என்றும் உன் நண்பன்,
ரஸ்

*

வில்லாபூன்
1 மார்ச்

ரஸ்,

மனசு ஆறுவதா? உன் கடிதத்தைப் படித்தபிறகு அடுப்பே இல்லாமல் கொதிக்கிறது.

நெவ் பெயரை நீ எந்தக் கோப்பையிலும் பொறிக்கக் கூடாது. பொறித்தால் ஆற்றில் தூக்கி வீசுவேன், அதைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாலும் சேர்த்தே வீசுவேன்.

வாயால் பிழைக்கிறவன் நீ. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். திங்கட்கிழமையிலிருந்து போனை எடுக்கும்போது யோசித்து எடு.

ரோண்டா

*

வானொலி நிலையம்
3 ஏப்ரல்

ரோண்டா,

இதை நிறுத்து. கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் நாள் உன் தோழி டொரீன் கூப்பிட்டாள். தக்காளியில் பழ ஈ விழுந்திருக்கிறது என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். "வெளியில பாத்தா பளபளன்னு இருக்கு, ரஸ். அறுத்தா உள்ள பூரா புழு. அது கெடக்கட்டும், நீ டெஸ்ட் பண்ணியாச்சா, ரஸ்?" நான் சிரித்து மழுப்பினேன். அடுத்தது ஒரு லாரிக்காரர், நெடுஞ்சாலையில் டீசல் விலை பற்றி. கடைசியில் அதே கேள்வி. டாக்டரிடம் நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆகிறது என்று புலம்பிய அம்மாள், காருக்குப் பின்னால் கேரவன் வண்டியைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஓய்வுபெற்ற தம்பதி, எல்லாருக்கும் கடைசி வரி அதுதான். நெட்பால் ஆடும் பெண்கள் பஸ்ஸில் போகும்போது கூப்பிட்டு, கூட்டமாகக் கத்தினார்கள். நேற்று மேயரைப் பேட்டி எடுத்தேன். ரோட்டுக் குழியைப் பற்றி எல்லாம் பேசி முடித்துவிட்டு அந்த மனுஷன் கேட்கிறான், "டெஸ்ட் பண்ணியாச்சா, ரஸ்?"

போன் எடுத்து வடிகட்டும் கேசியால் என்ன செய்ய முடியும்? அவர்கள் தக்காளி என்றுதானே சொல்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பால் எடுக்கக் குனிந்தால் பின்னாலிருந்து கேள்வி வருகிறது. தூக்கம் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். அன்று நெவ் போன் போட்டபோது அவன் பின்னால் ஒரு பெண் குரல் விழுந்து விழுந்து சிரித்தது. உன்னுடையதுதான். முழுப் பழியையும் என் தலையில் கட்டிவிட்டு நீ மட்டும் நல்ல பெண்ணாக இருக்கப் பார்க்காதே.

ரஸ்

*

வில்லாபூன்
9 ஏப்ரல்

ரஸ்,

ஆமாம், சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது என் பாடு. அதை நான் தினமும் தனியாகப் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உன் உதவி வேண்டாம். உன் பாட்டை மட்டும் நீ பார்.

இதை நான் எப்படி ஏற்பாடு செய்தேன் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. பந்துருட்டும் பவுல்ஸ் கிளப் சமையலறையில் வியாழக்கிழமை கோழிக் கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தோம். டொரீன்தான், "நான் ஏதாவது செய்யணுமா, ரோண்டா?" என்றாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் அப்படிக் கேட்பார்கள். மற்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவளிடம், "ரேடியோவுக்கு ஒரு போன் போடு" என்றேன். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. லாரிக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. நீ இத்தனை வருஷம் எல்லாரையும் பேசப் பழக்கினாய், அவர்கள் பழகிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. போன வாரம் மருந்துக்கடைப் பெண் சொன்னாள், "பெட்டி எங்க கெடைக்கும்னு கேட்டு ஆம்பளைங்களா வர்றாங்க, ரோண்டா." ஆக ஊரில் பலபேர் பண்ணிவிட்டார்கள். நீ இன்னும் பண்ணவில்லை.

நிறுத்தச் சொல்கிறாயே, வழி உன்னிடம்தான் இருக்கிறது. உண்மையைச் சொல். சொன்ன மறுநாள் தக்காளிக்காரி தக்காளியைப் பற்றி மட்டும் பேசுவாள்.

ரோண்டா

*

27 மே

ரோண்டா,

நிலையத்திலிருந்து எழுதவில்லை, வீட்டிலிருந்து எழுதுகிறேன். இது உனக்கு மட்டும்.

பண்ணிவிட்டேன். உங்கள் வாயை அடைக்கத்தான் பண்ணினேன். பண்ணிவிட்டு, 'ஒன்றுமில்லை' என்று வரும் காகிதத்தை ஒலிபரப்பில் படித்துக் காட்டி, உங்கள் மூக்கை உடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு ஒரு வசனம்கூட எழுதி வைத்திருந்தேன்.

ரத்தம் இருக்கிறதாம். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். டாக்டர், "மூலமாகூட இருக்கலாம், பயப்படாதீங்க" என்றார். நெவ்விடமும் அப்படித்தானே முதலில் சொன்னார்கள்?

ஜூன் 14 தேதி கிடைத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வர வேண்டுமாம். டாக்ஸி ஆகாதாம். யாரைக் கூப்பிடுவது என்று இந்தச் சமையலறையில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் பக்கத்தில் என் குரலைத் தெரியாத ஆள் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கும் ஆளும் இல்லை. நிலையத்துக்குத் தெரிந்தால் இப்போதே வேறு ஆளைத் தேடுவார்கள். யாரிடமும் சொல்லாதே, ரோண்டா. எனக்குப் பயமாக இருக்கிறது.

ரஸ்

*

வில்லாபூன்
31 மே

ரஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். தேநீர் போட்டு, இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, வெயிலில் உட்கார்ந்து மறுபடி ஒரு தடவை படித்தேன். நெவ் போனபிறகு எனக்குப் பசித்தது அன்றைக்குத்தான். இப்படியும் ஒரு பெண்ணா என்று நீ நினைக்கலாம், நினைத்துக்கொள்.

முந்தின நாள் ஒரு மருந்துத் தண்ணீர் கொடுப்பார்கள். உப்பும் எலுமிச்சையும் கலந்த கழுநீர் மாதிரி இருக்கும். நன்றாகக் குளிரவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி. கழிவறையை விட்டு அதிகதூரம் போகாதே. வாஸ்லின் களிம்பு வாங்கி வை, எதற்கு என்று இரண்டாவது மணி நேரத்தில் உனக்கே தெரிந்துவிடும். தொளதொள கால்சட்டை போட்டுக்கொள். இதெல்லாம் நெவ்வுக்குச் செய்து பழகியது.

காலை ஐந்து மணிக்கு என் கார் உன் வாசலில் நிற்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன். இரக்கம் என்று எண்ணிவிடாதே. என் வாயிலிருந்து வந்தால் அது வதந்தி. உன் வாயிலிருந்துதான் எனக்கு வேண்டும்.

ரோண்டா

*

17 ஜூலை

அன்புள்ள ரோண்டா,

தையல் இன்னும் இழுக்கிறது. உட்கார்ந்து எழுத முடிகிறது, அதுவே பெரிய விஷயம்.

புற்றுக் கட்டிதான். அறுத்து எடுத்துவிட்டார்கள். குடல் சுவரைத் தாண்டவில்லையாம், நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சுத்தம். "இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தீங்கன்னா நாம வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்போம்" என்றார் டாக்டர். வேறு மாதிரிப் பேச்சு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நெவ் படுக்கைக்குப் பக்கத்தில் நான் கேட்டிருக்கிறேன்.

குழாய் விட்டுப் பார்த்த அன்று போகும்போதும் வரும்போதும் இரண்டு மணி நேரம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மயக்கத்தில் உளறிக்கொண்டே வந்தேனாம். அறுவைக்கு அழைத்துப்போனபோதும் அதே. வீட்டு வாசலில் சூப் டப்பாவை வைத்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டாய். என் உயிரைக் காப்பாற்றியது நீதான். உன் கோபம்தான் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, எனக்கே!

நான் விடுமுறையில் வடக்கே மீன் பிடிக்கப் போயிருப்பதாகத்தான் நேயர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை திரும்புகிறேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். ரேடியோவைப் போட்டு வை.

ரஸ்

*

வில்லாபூன்
23 ஜூலை

ரஸ்,

போட்டு வைத்தேன். ஏழு மணிச் செய்தி முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அருமையாகப் பேசினாய். மீன் பிடிக்கப் போகவில்லை என்றாய். மருந்துத் தண்ணீரின் ருசியைச் சொல்லிச் சிரிக்கவைத்தாய், பெர்த்திலிருந்து உன் மகள் அழுததைச் சொல்லி அழவைத்தாய். கழுநீர் என்ற என் வார்த்தையைக்கூட எடுத்துக்கொண்டாய். "எப்படிப் பண்ணணும்னு தோணிச்சு, ரஸ்?" என்று கேசி கேட்டாள். நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். "நேயர்கள் சில பேரு நச்சரிச்சுட்டே இருந்தாங்க, அவங்களுக்கு என் அன்பு" என்றாய்.

நேயர்கள் சில பேர்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஐஸ் பெட்டி இல்லை, போட்டி இல்லை, நெவ் என்று ஒருவர் பிறக்கவே இல்லை.

மறுநாள் கிளப்புக்குப் போனால் உனக்கு லாமிங்டன் கேக் செய்து அனுப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக் கண்ணாடியில் உன் படம், 'ரஸ் மாதிரி தைரியமாக இருங்கள்' என்று எழுதி. டொரீன் என் கையைப் பிடித்து, "பாவம், அவனும் பட்டுட்டான். இத்தோட விட்ருடா கண்ணு" என்றாள். எல்லாரும் விட்டுவிட்டார்கள். உன் உயிரையும் காப்பாற்றிக்கொண்டு, மாலையும் வாங்கிக்கொண்டாய். என் புருஷன் மண்ணுக்கடியில் முட்டாளாகக் கிடக்கிறார்.

நான் விடவில்லை.

ரோண்டா

*

11 செப்டம்பர்

ரோண்டா,

நடந்தது உனக்குத் தெரியும். எனக்குத்தான் இன்னும் புரியவில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

மாக்பைப் பறவைகள் ஆட்களின் தலையில் கொத்துகிற பருவம். சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் ஹெல்மெட்டில் கண் வரைந்துகொண்டால் கொத்தாது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல காலை. கேசி, "ரோண்டா லைன்ல இருக்காங்க, உங்களுக்கு வாழ்த்துச் சொல்லணுமாம்" என்றாள். வெளியூர்க்காரி, அவளுக்கு எதுவும் தெரியாது. நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது.

நீ திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். திட்டுகிறவர்களைச் சமாளித்து எனக்கு இருபது வருஷப் பழக்கம். நீ மெதுவாக, "உடம்பு தேவலையா, ரஸ்?" என்றாய். தேவலை என்றேன். "சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த டெஸ்ட் பெட்டியை வெச்சு நீ ஒரு போட்டி நடத்துனியே, அதுல யாரு ஜெயிச்சா?"

ஒரு பெயர். இரண்டு எழுத்து. சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், இல்லையா? ஆனால் என் விரல் விளம்பரப் பொத்தானை அமுக்கிவிட்டது. பாதி விலையில் மெத்தை என்று ஒருவன் கத்த ஆரம்பித்தான்.

அதற்கப்புறம் நீ யாரையும் ஏவவில்லை என்று எனக்குத் தெரியும். ஏவியிருந்தால் இப்படி வராது. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தது. "நெவ் பொண்டாட்டி போன்ல இருக்கும்போது மெத்தை விக்கிறியா?" என்று டொரீன் அழுதாள். லாரிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிட்டார். ஒருத்தரும் வேறு விஷயம் பேசவில்லை. மெத்தைக் கடைக்காரரே கூப்பிட்டு விளம்பரத்தை நிறுத்தச் சொன்னார். மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு, பெரிய பெரிய வார்த்தையாக அடுக்கி, கடைசியில் ஒப்பந்தம் இல்லை என்றார். விடைபெற ஒரு நிமிஷம்கூட மைக்கைத் தரவில்லை. நான் எதையாவது சொல்லிவிடுவேனாம்!

சொல்லத்தான் நினைத்தேன், ரோண்டா. அன்றைக்கு நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். இனி எங்கே போய்ச் சொல்வது?

திருப்திதானா?

ரஸ்

*

வில்லாபூன்
16 செப்டம்பர்

ரஸ்,

திருப்திதான். கேட்டாயே என்று சொல்கிறேன்.

அன்றைக்கு நிச்சயமாகச் சொல்லியிருப்பேன் என்கிறாய். பிப்ரவரியிலிருந்து எத்தனை காலை விடிந்தது? எதிலும் அந்த நிச்சயம் வரவில்லை. மைக் போனதும் வந்துவிட்டது. ஊர் இப்போது அந்தப் பெயரைத் தானே சொல்கிறது, உன் உதவி தேவைப்படவில்லை. நேற்று கிளப்பில் ஒருவர் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "நெவ் மாமா மாதிரி பண்ணிடாதே, பெட்டி வந்தா ஒழுங்கா பண்ணு." கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு சீவினேன்.

டிசம்பரில் உனக்கு அடுத்த பரிசோதனை இருக்கிறது. அப்புறம் வருஷா வருஷம். ஒன்றைக்கூடத் தவறவிடாதே. கூட்டிப்போக ஆள் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே, முன்பு போலவே என் கார் வாசலில் நிற்கும். வழியில் பேச மாட்டேன். நீயும் பேசாதே.

நீ சாகக் கூடாது, ரஸ். செத்தால் அழகாக ஒரு கூட்டம் போடுவார்கள், எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகப் பேசுவார்கள். அந்தச் சுகத்தை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

விடியற்காலையில் உனக்கு விழிப்பு வரும். இருபது வருஷப் பழக்கம், லேசில் விடாது. எழுந்து கெட்டிலைப் போடுவாய். மழை வரும் போலிருக்கிறதே என்றோ, தக்காளி விலையைப் பார்த்தாயா என்றோ வாய்வரைக்கும் ஏதாவது வரும். திரும்பிப் பார்ப்பாய், கேட்க ஆள் இருக்காது. எனக்கு பிப்ரவரியிலிருந்து அப்படித்தான் விடிகிறது.

நூறு வயது இரு.

ரோண்டா